எருக்கஞ்செடி வெட்டுக்கிளியை போனில் படமெடுப்பது எப்படி

எருக்கு இல்லாத சாலையோரம் தமிழ்நாட்டில் குறைவு. அந்தச் செடியிலேயே உட்கார்ந்து அதன் இலையைத் தின்று வளரும் வெட்டுக்கிளி ஒன்று இருக்கிறது. மஞ்சள் உடம்பில் நீலப்பச்சைப் பட்டைகள், பச்சை முன்சிறகில் மஞ்சள் பொட்டுகள், மடிந்த சிறகுக்கு அடியில் வெளியே தெரியாத வெளிர்சிவப்பு. அறிவியல் பெயர் போகிலோசெரஸ் பிக்டஸ். 1775-இல் ஃபாப்ரிசியஸ் விவரித்த இனம்.

பூச்சிப் படம் பழகுகிறவர்கள் பட்டாம்பூச்சியை விட்டுவிட்டு இதில் தொடங்குவது நல்லது. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடு நஞ்சுகள் உண்டு. அவற்றைத் தின்று தன் உடம்பிலும் ஏற்றிக்கொண்ட பூச்சி இது. பளீர் நிறம், ‘என்னைத் தொடாதே’ என்று பறவைகளுக்கு விடும் எச்சரிக்கை. அந்தத் தைரியத்தில் ஆள் கிட்டே வந்தாலும் சட்டென்று எம்பாது, ஒரே கிளையில் வெகுநேரம் இருக்கும். அதனால் படம் கெட்டால் பூச்சியைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் தப்பு போனிலோ அதைப் பிடித்த கையிலோதான் இருக்கும்.

எங்கே தேடுவது, எப்போது போவது

தரிசு நிலம், ஏரிக்கரை, புறவழிச்சாலை ஓரம், கட்டி முடிக்காத மனைகள். எங்கெல்லாம் எருக்கு புதராக நிற்கிறதோ அங்கெல்லாம் பாருங்கள். தனியாக நிற்கும் ஒற்றைச் செடியை விட, ஐந்தாறு செடிகள் சேர்ந்த புதரில் வாய்ப்பு அதிகம். மழை பெய்து புதுத் தளிர் விட்டிருக்கும் நாட்கள் தோதானவை.

பூச்சியைத் தேடுவதற்கு முன் அது தின்ற அடையாளத்தைத் தேடுங்கள். இலை விளிம்பு ஒழுங்கில்லாமல் அரை வட்டம் அரை வட்டமாகக் கடிக்கப்பட்டிருக்கும். கடித்த விளிம்பில் பால் இன்னும் வெள்ளையாக ஈரத்தோடு இருந்தால் பூச்சி பெரும்பாலும் அந்தக் கிளையிலேயே இருக்கும். காய்ந்து பழுப்பேறியிருந்தால் பழைய வேலை. கீழ் இலைகளில் கருமையான சிறு எச்சத் துண்டுகள் கிடந்தால் நேர் மேலே அண்ணாந்து பாருங்கள்.

போக வேண்டிய நேரம் சூரியன் எழுந்த பின் முதல் இரண்டு மணி நேரம். வெட்டுக்கிளிக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். இரவுக் குளிர் இன்னும் போகாத உடம்பு மெதுவாகத்தான் அசையும். வெயில் படும் பக்கத்தில் விலாவைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். நமக்கு வேண்டிய பக்கவாட்டுத் தோற்றத்தை அதுவாகவே காட்டும் நேரம் அது. காற்றும் அப்போதுதான் குறைவு. நடுப்பகலில் பூச்சி இலைக்கு அடியிலும் தண்டு நிழலிலும் ஒதுங்கிவிடும். போன் திரையும் வெயிலில் தெரியாது, சூடேறி மங்கியும் போகும்.

போனைக் கையில் எடுத்துவிட்டால் கவனம் முழுக்கத் திரையில்தான் இருக்கும். அதனால் இடத்தை முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். தார் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி நிற்க இடமுள்ள செடியாக இருக்க வேண்டும். சாலைக்கு முதுகைக் காட்டிக் குந்த வேண்டியிருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள், அடுத்த எருக்கு நூறு அடியில் இருக்கும். ரயில் தண்டவாள ஓரம் வேண்டவே வேண்டாம். புதருக்குள் காலை விடும் முன் குச்சியால் தரையைத் தட்டிப் பாருங்கள்.

எருக்கம்பால் விஷயத்தில் அலட்சியம் கூடாது. கிளையை ஒடிக்கவோ இலையைக் கிள்ளவோ வேண்டாம். பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழி பாதிக்கப்படும். வலி பெரிதாகத் தெரியாமலே சில மணி நேரத்தில் பார்வை மங்கத் தொடங்கலாம். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி, வலி இல்லையென்றாலும் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பழைய பருத்தித் துணியும் பையில் இருக்கட்டும். லென்ஸில் பால் தெறித்தால் காயவிடாமல் ஈரத்துணியால் துடைக்கவும் அதே துணிதான்.

கிட்டே போவது

உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழாத பக்கத்திலிருந்து வாருங்கள். இரண்டு மீட்டரில் நின்று முதல் படத்தை எடுத்துவிடுங்கள். அது பறந்துவிட்டாலும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும். பிறகு அரை அடி, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி அரை அடி. போன் வைத்த கையை முதலிலேயே மார்புக்கு முன் நீட்டிவிடுங்கள். கிட்டே போனபின் கையைத் திடீரென்று நீட்டுவதுதான் பூச்சியைக் கலைக்கும்.

செடியைத் தொடாதீர்கள். பை, துப்பட்டா, சட்டை நுனி ஒரு இலையை உரசினாலும் தண்டு வழியே அதிர்வு போய்ச் சேரும். பூச்சி தண்டில் இருந்தால் பறப்பதற்கு முன் ஒரு தந்திரம் செய்யும். உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தண்டைச் சுற்றி நகர்ந்து ஒளிந்துகொள்ளும். கால் விரல்களும் முதுகு விளிம்பும் மட்டும் தெரியும். அப்போது நீங்கள் சுற்றி ஓடினால் அதுவும் சுற்றும். நின்ற இடத்திலேயே நின்று, இடது கையைத் தண்டின் மறுபக்கம் ஒரு அடி தள்ளி மெதுவாகக் கொண்டுபோங்கள். கைக்குப் பயந்து பெரும்பாலும் உங்கள் பக்கமே திரும்பி வரும்.

பூச்சியைப் பிடித்து வசதியான இடத்தில் வைத்து எடுப்பதை விட்டுவிடுங்கள். பாதி வளர்ந்த இளம்பூச்சியைக் கிள்ளினால், அடிவயிற்றின் முதல் இரண்டு கண்டங்களுக்கு நடுவே மேற்புறம் இருக்கும் துளையிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். இரண்டு அங்குலத்துக்கு மேலும் தெறிக்கும். அதைப் படமெடுக்கலாமே என்று கிள்ளுகிறவர்கள் உண்டு. முகத்தை அவ்வளவு கிட்டே வைத்துக்கொண்டு செய்கிற காரியம் அல்ல அது.

எந்த லென்ஸ்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. போனில் மூன்று லென்ஸ் இருந்தால் மூன்றும் பூச்சிக்கு உதவும் என்று அர்த்தமில்லை. முதன்மைக் கேமராவின் சென்சார்தான் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) பெரியது, படமும் அதில்தான் தெளிவு. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குக் கிட்டே ஃபோகஸ் செய்யாது. பல போன்களில் அந்த எல்லை 10 முதல் 20 செ.மீ. உங்கள் போனின் எல்லையை வீட்டிலேயே கண்டுபிடித்து வையுங்கள். ஒரு அளவுகோலை மேசையில் வைத்து, அதன் எண்களைப் பார்த்தபடி போனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுபோங்கள். எண்கள் எந்த இடத்தில் மங்கத் தொடங்கி, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தெளியவில்லையோ அதுதான் எல்லை.

இந்தச் சோதனையின்போது ஆட்டோ மேக்ரோவை அணைத்து வையுங்கள். பல போன்கள் கிட்டே போனதும் சொல்லாமல் கொள்ளாமல் அல்ட்ராவைடு என்ற மிக அகலக் கோண லென்ஸுக்கு மாறி, அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் காட்டும். திரையில் படம் ஒரு கணம் துள்ளுவதை வைத்து மாற்றத்தைக் கண்டுகொள்ளலாம். ஐபோன் புரோ மாடல்களில் அந்த நேரம் பூ வடிவக் குறி ஒன்று தோன்றும், அதைத் தொட்டால் மாற்றம் நிற்கும். மற்ற போன்களில் கேமரா அமைப்புகளில் தேட வேண்டும்.

இந்த வெட்டுக்கிளிக்கு எங்கள் தேர்வு முதன்மைக் கேமராவின் 2x, அதாவது இரண்டு மடங்கு ஜூம். காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். 24 மி.மீ. சமான கோணமுள்ள (பெரிய கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அதே அகலம்) முதன்மைக் கேமரா 15 செ.மீ. தொலைவில் ஏறக்குறைய 22 செ.மீ. அகலப் பரப்பைப் பார்க்கும். 5 செ.மீ. நீளப் பெண் வெட்டுக்கிளி அதில் கால் பங்குகூட நிரப்பாது. அதே இடத்தில் 2x வைத்தால் பரப்பு 11 செ.மீ. ஆகும், பூச்சி படச்சட்டத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதியை நிரப்பும். 48 அல்லது 50 மெகாபிக்சல் சென்சார் உள்ள போன்களில் இந்த 2x என்பது சென்சாரின் நடுப்பகுதி மட்டும். விவரம் பெரிதாகக் குறையாது. 12 மெகாபிக்சல் சென்சாரில் 2x வெறும் ஊதிப் பெருக்கல். அப்படிப்பட்ட போனில் 1x-லேயே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

ஆட்டோஃபோகஸ் உள்ள அல்ட்ராவைடு 2, 3 செ.மீ. வரை கிட்டே போகும். முகத்தை மட்டும் எடுக்க அது பயன்படும். முழு உடம்புக்கு வேண்டாம். அவ்வளவு கிட்டே போனால் போனே வெளிச்சத்தை மறைக்கும். அகலக் கோணத்தால் தலை பெருத்து வால் சுருங்கிய விசித்திர உருவம் கிடைக்கும். விலை குறைந்த போன்களின் 2 மெகாபிக்சல் ‘மேக்ரோ’ கேமரா பெரும்பாலும் 4 செ.மீ. அளவில் நிலையாக ஃபோகஸ் வைத்தது. அது இருப்பதாக நினைக்காமல் விட்டுவிட்டு முதன்மைக் கேமராவில் எடுத்து வெட்டினால் பல மடங்கு நன்றாக இருக்கும்.

மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்குவதாக இருந்தால் அதன் பெட்டியில் போட்டிருக்கும் ‘15x’, ‘20x’ எண்களை நம்பி வாங்காதீர்கள். எவ்வளவு தொலைவில் வேலை செய்யும் என்று பாருங்கள். பத்து டயாப்டர் (லென்ஸின் வலிமையைச் சொல்லும் அளவு) லென்ஸ் என்றால் 10 செ.மீ. தொலைவு கிடைக்கும், பூச்சி பயப்படாது. 2 செ.மீ.இல்தான் தெளியும் என்றால் உயிருள்ள பூச்சிக்கு அது தலைவலி. மாட்டும்போது முதன்மைக் கேமராவின் நடுவே சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உறையின் விளிம்பு தடுக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் சாய்ந்து மாட்டியிருக்கிறது.

எந்த லென்ஸானாலும் எடுக்கும் முன் துடையுங்கள். விரல் பிசுக்கு படிந்த கண்ணாடி எதிர்வெயிலில் படம் முழுக்க வெண்புகை கிளப்பும். அதை எந்தத் திருத்தச் செயலியாலும் முழுதாக எடுக்க முடியாது.

மஞ்சள் வெளுத்துப்போவது

இந்தப் பூச்சியின் படங்களில் பத்தில் எட்டு கெடுவது இதனால்தான். போன் வெளிச்சத்தை அளக்கும்போது சட்டத்தின் பெரும்பகுதியைக் கணக்கில் எடுக்கிறது. பின்னால் நிழலான புதர் இருந்தால், ‘இருட்டாக இருக்கிறது’ என்று நினைத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடும். மஞ்சள் என்பது சென்சாருக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. இரண்டு நிறங்களும் உச்சம் தொட்டுவிட்டால் முதுகுத்தகட்டின் நுண்குழிகள், மேடுபள்ளம் எல்லாம் அழிந்து வெறும் மஞ்சள் பூச்சு மட்டும் மிஞ்சும். பக்கத்திலிருக்கும் நீலப்பச்சைப் பட்டை வெளிறிச் சாம்பலாகும்.

செய்ய வேண்டியது இது. பூச்சியின் கண்ணில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டப்படும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். எண் காட்டும் போனாக இருந்தால் −0.7இல் தொடங்குங்கள். பின்புலம் நிழலானால் −1 அல்லது அதற்கும் கீழே போகலாம். திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இருட்டைப் பிறகு தூக்கலாம். எரிந்துபோன மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. முதல் படத்தை எடுத்ததும் பெரிதாக்கி முதுகுத்தகட்டைப் பாருங்கள். குழிகள் தெரிந்தால் தொடருங்கள், தெரியாவிட்டால் இன்னும் இறக்குங்கள்.

நேர்வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெட்டுக்கிளியின் மேல்தோல் வழவழப்பானது. வெயில் நேராகப் பட்டால் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். குடையை விரித்துப் பூச்சிக்கு நிழல் காட்டினால் அவை மறையும். கறுப்புக் குடையில் வெளிச்சம் ரொம்பக் குறைந்துவிடும், வெளிர் நிறக் குடை மெல்லிய வெளிச்சத்தை உள்ளே விடும். நிழல் திடீரென்று விழக் கூடாது. குடையைத் தூரத்திலேயே விரித்து, அதோடு கிட்டே போங்கள். வயிற்றுப் பக்கம் கறுத்துப்போனால் ஒரு வெள்ளைத் தாளை நாலாக மடித்துக் கீழிருந்து சாய்த்துப் பிடியுங்கள். போன் ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேர்முன் வெளிச்சம் விழுந்து உடம்பின் திரட்சி போய்விடும். கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும்.

நிறம் உண்மையாக வந்திருக்கிறதா என்று பார்க்க எருக்கிலையே அளவுகோல். எருக்கிலையின் மேல் வெண்மாவு போன்ற படிவு உண்டு. நேரில் அது சாம்பல் கலந்த பச்சை. படத்தில் அது புல்பச்சையாகத் தெரிந்தால், போனின் காட்சி மேம்படுத்தும் அமைப்பு நிறத்தை ஊட்டியிருக்கிறது. அப்படியானால் பூச்சியின் மஞ்சளையும் நீலத்தையும் நம்ப முடியாது. ‘ஏஐ சீன்’, ‘விவிட்’ போன்றவற்றை அணையுங்கள். புரோ முறை (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) இருந்தால், ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையை வெயிலில் 5200 முதல் 5500 கெல்வினுக்கும், மேகமூட்டத்தில் 6000 முதல் 6500-க்கும் நிலைநிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் ஒரே பூச்சிக்கு ஒவ்வொரு படத்திலும் ஒரு மஞ்சள் வரும்.

அசைவும் தெளிவும்

எருக்கின் பெரிய இலை கொஞ்சக் காற்றுக்கும் ஆடும். வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் இலை ஆடுகிறது என்று வையுங்கள். 1/60 வினாடி ஷட்டரில் (சென்சார் ஒளியைப் பதியும் நேரம்) அது 0.8 மி.மீ. நகர்ந்துவிடும். பூச்சியின் கண்ணே சில மி.மீ.தான், எனவே கண் இழுபட்ட கோடாகிவிடும். 1/500-இல் நகர்வு 0.1 மி.மீ., கண்ணுக்குத் தெரியாது. புரோ முறையில் ஷட்டரை 1/500-இல் வைத்து, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-வை 100 முதல் 400-க்குள் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். பெரும்பாலான போன்களில் ஒளி நுழையும் துளையின் அளவை மாற்ற முடியாது, ஆகவே கையில் இருக்கும் திருகுகள் இந்த இரண்டுதான். புரோ முறை இல்லாவிட்டால் காற்று ஓயும் இடைவெளிக்குக் காத்திருந்து தொடர்படம் எடுப்பதுதான் வழி. வரிசையில் ஒன்றிரண்டு தெளிவாக விழும்.

கையின் நடுக்கத்துக்கு முக்காலி தேவையில்லை. இரண்டு முழங்கைகளையும் விலாவில் ஒட்டி, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மூச்சை வெளியே விட்டு முடித்த நொடியில் அழுத்துங்கள். திரையைத் தட்டுவதற்குப் பதில் ஒலிப் பொத்தானை அழுத்துவது மேல். திரையைத் தட்டும்போது போன் முன்னே சாயும், சாய்ந்த மில்லிமீட்டரில் ஃபோகஸ் போய்விடும்.

ஃபோகஸ் பூட்டிய பிறகு ஃபோகஸைத் தேடி விரலால் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். உடம்பையே முன்னும் பின்னுமாக ஒரு செ.மீ. அசைத்து, கண் தெளியும் இடத்தில் எடுங்கள். 15 செ.மீ. தொலைவில் முதன்மைக் கேமராவுக்குத் தெளிவின் ஆழம் சுமார் ஒரு செ.மீ. கிடைக்கும், அல்ட்ராவைடில் 3 செ.மீ.க்குக் கிட்டே போனால் அது இரண்டு, மூன்று மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஆகவே முழு உடம்பும் தெளிவாக வேண்டுமென்றால், போனின் முதுகு பூச்சியின் விலாவுக்கு இணையாக இருக்க வேண்டும். தலையிலிருக்கும் உணர்கொம்பு தெளிவாக இருந்து வால் மங்கினால் போன் கோணலாக இருக்கிறது. வால் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள்.

போர்ட்ரெய்ட் முறையைப் பூச்சிக்குப் பயன்படுத்தவே கூடாது. அந்தப் பின்மங்கல் கணக்குப் போட்டுச் செய்வது. கொம்பையும் காலையும் பின்புலம் என்று நினைத்து வெட்டிவிடும். ஒற்றைக் கொம்பு வெட்டுக்கிளிப் படங்கள் இணையத்தில் நிறையச் சுற்றுவதற்கு இதுவே காரணம். எச்டிஆர்-உம் அசையும் பூச்சிக்கு ஆகாது. பல படங்களைச் சேர்ப்பதால், கொம்பு ஆடியிருந்தால் இரண்டு மூன்று நிழல் கொம்புகள் முளைக்கும். அணைக்க வழியிருந்தால் அணையுங்கள்.

எதையெல்லாம் எடுப்பது

அழகுக்கு ஒரு படம் போதும். அடையாளத்துக்கு ஆறு வேண்டும்: முழுப் பக்கவாட்டு, நேர் மேலிருந்து முதுகு, முகம் எதிரே, பின்காலும் அடிவயிறும் தெரியும் ஒன்று, பூச்சி உட்கார்ந்திருக்கும் செடியின் இலையும் பூவும், கடைசியாகச் செடி நிற்கும் இடம். அளவு காட்ட நாணயத்தைப் பூச்சி பக்கத்தில் வைக்கப் போகாதீர்கள், ஓடிவிடும். அது போன பிறகு அதே இலையில் நாணயத்தை வைத்து, அதே தொலைவில், அதே 2x-இல் ஒரு படம் எடுத்தால் போதும்.

பக்கவாட்டுப் படத்தில் கவனிக்க வேண்டியது சிறகு. முன்சிறகு அடிவயிற்றை மூடியிருந்தால் வளர்ந்தது. முதுகில் சிறு மடல் மாதிரி மட்டும் இருந்தால் இளம்பூச்சி. நிறத்தை மட்டும் நம்பினால் இளம்பூச்சியை வேறு இனம் என்று நினைத்துவிடுவீர்கள். அது வெளிர் பச்சைமஞ்சள் உடம்பில் மெல்லிய கறுப்புக் குறிகளும் சிறு செம்புள்ளிகளும் கொண்டது. ஆண் சிறியது, பெண் பெரியது. பெண்ணின் அடிவயிற்று நுனியில் மண்ணைத் தோண்டி முட்டையிடும் கூரிய மடல்கள் இருக்கும், ஆணுக்கு அந்த இடம் மழுங்கி மேல்நோக்கி வளைந்திருக்கும். நுனியைத் தனியே ஒரு படம் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வி தீர்ந்தது. முகப் படத்தில் இரண்டு பெரிய கூட்டுக்கண்களோடு மூன்று சிறு தனிக்கண்களும் உண்டு, தேடிப் பாருங்கள். சாய்ந்த, கூம்பு வடிவத் தலை இதன் குடும்பமான பிர்கோமார்ஃபிடேயின் அடையாளம்.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சாலைகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வண்ண வெட்டுக்கிளி கண்ணில் படும். கரும்பச்சைச் சிறகில் மஞ்சள் பொட்டுகள், அடிவயிற்றில் சிவப்பு. ஆலார்க்கஸ் மிலியாரிஸ் என்று பெயர், தொந்தரவு செய்தால் நுரை தள்ளும். எருக்கில் இல்லாமல் வேறு செடியில் பார்த்தால் அதுவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்டுக்கிளி இல்லாத நாளிலும் எருக்கைச் சும்மா விட வேண்டாம். தளிரின் அடியில் மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாக மொய்ப்பவை அசுவினி. மஞ்சள், கறுப்பு, வெள்ளை வளையங்களோடு மூன்று ஜோடிக் கறுப்பு நூல்கள் நீட்டிய புழு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியினுடையது. மேலே சொன்ன வெளிச்சப் பாடம் இந்த மஞ்சள்களுக்கும் பொருந்தும்.

படத்தோடு நிறுத்தாமல்

ஒரே பூச்சியை இருபது நிமிடம் பார்த்தால் படத்தில் வராத பலவும் தெரியும். இலையை அது எப்படிக் கடிக்கிறது என்று கவனியுங்கள். தாடைகள் மேலும் கீழுமாக அசையாது, பக்கவாட்டில் கத்தரிக்கும். வினாடிக்கு 120 சட்டங்களில் மெதுவீடியோ எடுத்தால் இலை விளிம்பு இரு தாடைக்கு நடுவே நுழைவது தெளிவாகத் தெரியும். 240-க்கு வெளிச்சம் நிறைய வேண்டும், காலை நிழலில் வைத்தால் படத்தில் பொரிப்பொரியான புள்ளிகள்தான் மிஞ்சும். அசையாமல் இருக்கும்போது அடிவயிறு சுருங்கி விரிவதைப் பாருங்கள். விலாவிலிருக்கும் சிறு துளைகள் வழியாகக் காற்றை இறைக்கிறது. சிறகின் அடிப்பக்கம், அடிவயிற்றின் முதல் கண்டத்தில் இருக்கும் சவ்வுதான் காது.

தலைகீழாகத் தொங்கும் வெளிறிய பூச்சியும் பக்கத்தில் வெற்றுத் தோலும் தெரிந்தால் அது தோலுரிக்கிறது. அந்த நேரம் கிளை அசைந்தால் கீழே விழுந்துவிடும், கால்கள் இன்னும் இறுகியிருக்காது. ஒரு மீட்டருக்குக் கிட்டே போகாமல் 2x அல்லது 3x-இல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்து வையுங்கள். நிறம் ஏறுவதை வரிசையாகப் பார்க்க அது ஒன்றே வழி. செடிக்கு அடியில் மண்ணில் வயிற்றைச் செருகிக்கொண்டிருக்கும் பெண் கிடைத்தால் முட்டையிடுகிறது என்று பொருள். எடுத்துவிட்டு அந்த மண்ணை மிதிக்காமல் வாருங்கள்.

திருத்துவதும் பதிவதும்

திருத்தத்தில் வரிசை முக்கியம். முதலில் வெட்டு, பிறகு ஹைலைட்டை (படத்தின் மிக வெளிச்சமான பகுதிகளை) கொஞ்சம் இறக்குவது, பிறகு நிழலைத் தூக்குவது. நிறச்செறிவைத் தொடாதீர்கள், இந்தப் பூச்சிக்கு அது தேவையே இல்லை. கூர்மையும் அப்படித்தான். போன் ஏற்கெனவே கூர்மைப்படுத்தித்தான் சேமிக்கிறது. இன்னும் ஏற்றினால் கொம்பைச் சுற்றி வெள்ளை ஓரம் கட்டும். 12 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் 2000-க்கு 1500 புள்ளிகள் மிஞ்சும். திரையில் பார்க்க அது தாராளம். அதற்கும் கீழே வெட்ட வேண்டியிருந்தால் அடுத்த முறை இன்னும் கிட்டே போக வேண்டும் என்று அர்த்தம்.

உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றுவதாக இருந்தால், எடுக்கும்போதே கேமராவின் இருப்பிடப் பதிவை ஓட விடுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, குறைந்தது இரண்டு பேர் ஒரே இனப்பெயரில் ஒத்துப்போனால் பதிவு ‘ரிசர்ச் கிரேடு’ (ஆய்வுக்குப் பயன்படும் தரம்) ஆகும். ஆறு படங்களையும் ஒரே பதிவாகச் சேருங்கள். ஆறு தனித்தனிப் பதிவுகளாகப் போட்டால் ஆறு பூச்சிகள் என்று கணக்காகிவிடும். வீட்டு வாசலிலிருக்கும் எருக்கானால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதி பதிவிலேயே உண்டு.

படத்தை நண்பருக்கு அனுப்பி இனம் கேட்பதானால் வாட்ஸ்அப்பில் ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கும். நேரமும் இடமும் பதிந்த விவரங்களும் போய்விடும். இளம்பூச்சியை மட்டும் எடுத்திருந்தால் செடியின் படத்தைச் சேர்க்காமல் அனுப்ப வேண்டாம். எருக்கு தெரிந்தால் பதில் உடனே வரும். தெரியாவிட்டால் ‘எந்தச் செடியில் இருந்தது?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.